மொண்டிசோரி அம்மையாரும் எமது பாலர் பாடசாலைகளும்

குறிஞ்சாக்கேணியிலோ கிண்ணியாவிலோ, பாலம் கடந்து திருகோணமலை நகரிலோ, மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் கைப்பிடித்துச் செல்லும் தாயொருவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், மொண்டிசோரிக்கு என்ற பதில் கிடைப்பதில் வியப்பில்லை. நேர்சரி என்பாரும் உளர். அரச ஆவணங்கள் முன்பள்ளி என்றும் பாலர் பாடசாலை என்றும் எழுதுகின்றன. ஆயினும் இத்தீவின் பல பகுதிகளிலும் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்ட சொல் மொண்டிசோரி என்பதே. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அந்த மனிதர் தமது முதுமையின் முக்கியமான ஆண்டுகளைச் சென்னையிலும் கொடைக்கானலிலும் கழித்தவர். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். இச்சொல்லை நாள்தோறும் உச்சரிப்போரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

பெயர் நிலைத்துவிட்டது. பெயருக்குரியவரின் முறை நிலைத்ததா என்பதே கேள்வி. மூன்றரை வயதில் கோடிட்ட கொப்பியில் எழுத்துக்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தல், நான்கு வயதில் வீட்டுப்பாடம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஐந்து வயதுக்கு முன்னரே அத்திவாரம் இடுதல் ஆகிய யாவும் மொண்டிசோரி என்ற பெயர்ப்பலகையின் கீழேயே நடைபெறுவதைக் காண்கிறோம். பெற்றோரின் ஆவலைக் குறைகூறுவதற்கில்லை. கடலையும் வயலையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்குக் கல்வி ஒன்றே ஏணி. அந்த ஏணியை எங்கே சாத்தி வைக்கிறோம் என்பதைத்தான் ஆராய வேண்டியுள்ளது.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரச புகையிலைத் தொழிற்றுறையில் உத்தியோகத்தர். தாய் வாசிப்பில் பேரார்வம் கொண்டவர். மகள் ஆசிரியையாக வரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகளோ முதலில் பொறியியலையும் பின்னர் மருத்துவத்தையும் நாடினார். ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் சடலத்தை ஆராய்வது தகாது எனக் கருதப்பட்டமையால், ஏனையோர் சென்ற பின்னர் மாலை வேளைகளில் தனியே அப்பயிற்சியை அவர் செய்ய நேர்ந்தது. 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் அவரே என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று, முதலாமவர்களுள் ஒருவர் என்பதே பொருந்தும்.

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர்கள் அக்காலத்தில் மனநோயாளரோடு ஒரே விடுதியில் அடைக்கப்பட்டிருந்தனர். வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட ஓர் அறை. உணவு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் கிடந்த பாண் துகள்களைப் பொறுக்குவதைக் காவற்பெண் அருவருப்போடு சுட்டிக்காட்டினாள். அவர்கள் உண்பதற்காக அன்றி, விரல்களால் எதையேனும் பற்றிப் பார்ப்பதற்காகவே துகள்களைத் தேடினர் என்று மொண்டிசோரி விளங்கிக்கொண்டார். பெருந்தீனி என்று காவற்பெண் கண்ட அதே செயலில் அறிவின் பசியை அவர் கண்டார். அவருடைய பிற்காலப் பணி முழுவதற்கும் இந்தப் பார்வை வேறுபாடே அடிப்படை எனலாம்.

இத்துறையில் முன்னோடிகளான பிரெஞ்சு மருத்துவர்கள் இட்டார்ட், செகுவின் ஆகியோரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். மொழிபெயர்த்துத் தம் கையாலேயே படியெடுத்தார். 1900இல் ரோமில் தொடங்கப்பட்ட விசேட பாடசாலையொன்றை இணைந்து நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே பயின்ற பிள்ளைகள் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்கான அரச பரீட்சையில் சித்தியடைந்தனர். ஊர் அவரைப் பாராட்டியது. அவரோ எதிர்த்திசையில் சிந்தித்தார். கைவிடப்பட்ட பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரக்கூடுமாயின், நல்ல உடல்நலத்தோடு சாதாரண பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளை அதே மட்டத்தில் நிறுத்தி வைத்திருப்பது எது என்று கேட்டார்.

இந்த ஆண்டுகளில் அவரது சொந்த வாழ்வில் ஒரு பெருந்துயரும் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோவுடன் கொண்ட உறவில் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமூகத்தில் இச்செய்தி வெளிவந்தால் அவரது தொழில் வாழ்வு அன்றே முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றிடம் வளர்ப்புக்கு விடப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். தாம் யார் என்று சொல்லவில்லை. மொந்தெசானோ 1901இல் வேறொருவரை மணந்துகொள்ளவே, மொண்டிசோரி அப்பாடசாலையிலிருந்து விலகினார். மகன் பதின்ம வயதை எட்டிய பின்னரே தாயுடன் வந்து சேர்ந்தான். அப்போதும் உலகத்தின் முன் அவன் மருமகன் முறையினனாகவே காட்டப்பட்டான். உலகின் பிள்ளைகளுக்காக வாழ்ந்தவர் தம் பிள்ளையின் பாலப்பருவத்தைக் காணவில்லை என்று எள்ளி எழுதுவோர் உண்டு. அவரை அந்நிலைக்குத் தள்ளிய சமூகத்தை அவர்கள் கேள்வி கேட்பதில்லை.

விலகிய பின் அவர் மீண்டும் மாணவியானார். மானிடவியலும் உளவியலும் தத்துவமும் கற்றார். 1904 முதல் ரோம் பல்கலைக்கழகத்தில் கல்விசார் மானிடவியல் விரிவுரைகளை ஆற்றினார். மண்டையின் சுற்றளவு, உயரம், நிறை ஆகியவற்றை அளந்து பிள்ளையின் இயல்பைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை அக்கால இத்தாலிய அறிவுலகில் வலுவாக இருந்தது. அம்மையாரும் அளவுநாடாவை எடுத்தவரே. அந்த நம்பிக்கையின் குறைகளிலிருந்து அவர் முற்றாக விடுபட்டிருந்தார் என்று சொல்ல இயலாது. ஆயினும் அளத்தலிலிருந்து கவனித்தலுக்கு அவர் நகர்ந்தார். அந்த நகர்வுக்கு இடமளித்தது ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு.

அங்கே பழுதடைந்திருந்த அடுக்குமாடிகளை ஒரு வீடமைப்பு நிறுவனம் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றதும் பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து புதிய சுவர்களைப் பழுதாக்கினர். சுவர்களைக் காப்பாற்றவே நிறுவனம் ஓர் அறையை ஒதுக்கியது என்பது வரலாற்றின் வேடிக்கை. 1907 ஜனவரி 6ஆம் திகதி, ஏறத்தாழ 50 பிள்ளைகளுடன் அந்தச் சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொண்டார். விசேட பாடசாலையில் பயன்படுத்திய மர உருளைகள், கட்டைகள், வடிவச் சட்டங்கள் ஆகியவற்றை மொண்டிசோரி கொண்டுவந்து வைத்தார். பின்னர் ஒதுங்கி நின்று பார்த்தார்.

ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்துவதும் வெளியே எடுப்பதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார், சிறுமி நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த கதிரையோடு அவளைத் தூக்கி மேசை மீது வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது தடவைகளுக்கு மேல் இது நிகழ்ந்ததை அம்மையார் எண்ணினார். பின் எவரும் சொல்லாமலே நிறுத்தி, நல்ல உறக்கம் கலைந்து எழுந்தவள் போல முகமலர்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள். சிறு பிள்ளைகளுக்கு மனம் ஒருமைப்படாது என்று பெரியவர்கள் நம்பி வந்த காலத்தில் இது ஒரு கண்டுபிடிப்பு.

வேறொரு நாள் ஆசிரியை பிந்தி வந்தார். பொருள்கள் வைக்கும் அலுமாரி பூட்டப்படாதிருந்தது. பிள்ளைகள் தாமே திறந்து, தத்தமக்கு வேண்டியவற்றை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு இது களவாகத் தோன்றியது. மொண்டிசோரிக்கு, எது எங்கே இருக்கிறது என்பதும் தமக்கு எது வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டதன் அடையாளமாகத் தோன்றியது. அன்று முதல் உயர்ந்த அலுமாரி நீங்கி, பிள்ளையின் கைக்கெட்டும் தட்டுகள் வந்தன. செல்வந்தப் பெண்கள் அன்பளித்த விலையுயர்ந்த பொம்மைகளைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. பரிசுப் பதக்கங்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

எழுத்து விடயம் சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. எமது பாலர் பாடசாலைகள் அவரது பெயரால் தவறிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். சான் லொரென்சோவின் தாய்மாரும் எம் தாய்மாரைப் போலவே தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்குமாறு வேண்டினர். அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். மொண்டிசோரி மறுக்கவில்லை. மட்டத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டைகளில் ஒட்டச் செய்தார். பிள்ளைகள் அவற்றை விரலால் தடவி, அந்த எழுத்தின் ஒலியைச் சொன்னார்கள். வடிவச் சட்டங்களின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடிழுத்துக் கையைப் பழக்கினார்கள். அசையும் எழுத்துக்களை அடுக்கிச் சொற்களை அமைத்தார்கள். எவரையும் எழுதச் சொல்லவில்லை. சில மாதங்களின் பின் ஒரு நாள், புகைபோக்கியை வரைந்து காட்டுமாறு ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். அவன் படத்தை வரைந்துவிட்டு, தானாகவே சொற்களையும் எழுதத் தொடங்கினான். தனக்கு எழுத வருகிறது என்று அவன் கூவ, மற்றவர்களும் தரையிலும் கதவிலும் எழுதத் தலைப்பட்டனர். நான்கு வயதில் எழுத்து அவருக்கும் உடன்பாடே. விரலும் காதும் கண்ணும் ஆயத்தமாகு முன்னர் பென்சிலைத் திணித்துக் கொப்பியை நிரப்பச் செய்வதே அவருக்கு உடன்பாடன்று.

இவற்றிலிருந்து அவர் வகுத்த கோட்பாட்டைச் சுருங்கச் சொன்னால், பிறப்பு முதல் ஆறு வயது வரை பிள்ளையின் மனம் சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. மொழி, ஒழுங்கு, அசைவு, புலனுணர்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூருணர்வு மிக்க ஒரு காலம் உண்டு. அது கடந்தபின் அதே திறனைப் பெறக் கடும் முயற்சி வேண்டும். கூருணர்வுக் காலம் என்ற கருத்தை அவர் டச்சு உயிரியலாளர் டி விரீஸிடமிருந்து பெற்றார்.

பிள்ளை வளர்ச்சி பற்றிய ஆய்வுலகில் அவருக்குரிய இடத்தை ஏனையோரின் முறைகளோடு ஒப்பிட்டே காணலாம். அமெரிக்க நடத்தைவாதியான வொட்சன் 1920இல் ஒரு கைக்குழந்தையை ஆய்வுகூடத்தில் வைத்து, வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பேரொலி எழுப்பி, அச்சத்தைக் கற்பித்துக் காட்டினார். இன்றைய ஆய்வு அறநெறிகள் எவையும் அதனை அனுமதியா. யேல் பல்கலைக்கழகத்தில் கெசல் பிள்ளைகளின் அசைவுகளைத் திரைப்படக் கருவியால் பதிவு செய்து வயதுவாரியான அளவுகோல்களை வகுத்தார். சுவிற்சர்லாந்தின் பியாஜே, பிள்ளையிடம் வினா எழுப்பி, பிழையான விடையின் பின்னுள்ள தர்க்கத்தைத் தொடர்ந்து துருவினார். தம் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பியாஜேயின் ஆரம்பகால அவதானிப்புகள் ஜெனீவாவில் மொண்டிசோரி முறையைத் தழுவிய பாடசாலையில் நிகழ்ந்தவை; சுவிஸ் மொண்டிசோரி சங்கத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். எரிக் எரிக்சன் வியன்னாவில் மொண்டிசோரி ஆசிரியச் சான்றிதழ் பெற்றவர். இவர்கள் அனைவரும் கோட்பாட்டுக்காகப் பிள்ளையை நாடினர். மொண்டிசோரி பிள்ளைக்காக ஓர் அறையை அமைத்து, அந்த அறையையே ஆய்வுகூடமாக்கினார். ஆசிரியரின் முதற்கடமை கற்பித்தலன்று, கவனித்துக் குறித்தல் என்றார்.

குறைகளும் இருந்தன. ஒப்பீட்டுக் குழு எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பட்ரிக் 1914இல் எழுதிய நூல், கருவிகள் குறுகியவை, கற்பனைக்கும் கூட்டுச் செயலுக்கும் இடம் போதாது என்று வாதிட்டது. அதன்பின் அமெரிக்காவில் அவரது செல்வாக்குச் சரிந்தது. விளையாட்டுக்கும் கற்பனைக்கும் ரஷ்ய அறிஞர் வைகொட்ஸ்கி கொடுத்த முதன்மையை இன்றைய ஆய்வுலகம் பெரிதும் ஏற்கிறது. இவ்விடயத்தில் மொண்டிசோரி பக்கம் நிற்பது கடினம். அரசியலிலும் அவர் சறுக்கினார். 1924 முதல் முசோலினியின் ஆதரவைப் பெற்றுப் பாடசாலைகளைப் பெருக்கினார். 1934இல் முறிவு ஏற்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். பத்தாண்டு காலம் நீண்டதுதான்.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலின் அழைப்பின் பேரில், 69 வயதில் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அருண்டேலின் துணைவியார் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் வளர்ந்துகொண்டிருந்த அதே வளாகம். ஓலைக் கொட்டகைகளின் கீழ் ஏறத்தாழ 300 பேர் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களே தங்குவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரித்தானிய ஆட்சிக்குப் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் மட்டுப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, எழுபதாவது பிறந்த நாளன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக அவரது மகன் விடுவிக்கப்படுகிறார் என்பது செய்தி. நாற்பதாண்டுகளாக மறைத்து வந்த உறவை, அவரைக் காவலில் வைத்திருந்த ஆட்சியே மகன் என்ற சொல்லால் அறிவித்தது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து பயிலும் சிறு பாடசாலை அங்கே நடந்தது. இலங்கையரான லீனா விக்ரமரத்ன அதில் உடன் பணியாற்றினார். மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் பாடப்பொருள்களாயின. ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான அண்டக் கல்வி என்னும் திட்டம் அங்கேதான் உருப்பெற்றது. கைக்குழந்தைப் பருவம் பற்றிய அவரது சிந்தனையும் இந்திய ஆண்டுகளிலேயே முதிர்ந்தது. உறிஞ்சும் மனம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் அகமதாபாத் விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு 1949இல் அடையாறிலிருந்தே வெளிவந்தது. ஐரோப்பாவின் சிந்தனை இங்கே இறக்குமதியானது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதன் ஒரு பாதி எம் அயலில் விளைந்தது.

1944இல் இலங்கையில் அவர் நடத்திய பயிற்சியின் வழியே அவரது பெயரும் முறையும் இங்கே நேரடியாக ஊன்றின. பின்னர் முறையை விடப் பெயர் வேகமாகப் பரவியது. அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 1967இல் அமெரிக்காவிலும் இப்பெயர் பொதுச்சொல் என்றே தீர்மானிக்கப்பட்டது. எவரும் எதற்கும் சூட்டிக்கொள்ளலாம்.

பெயருக்கும் முறைக்கும் இடையிலான இந்த இடைவெளி பிள்ளைகளைப் பாதிக்கிறதா என்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2006இல் சயன்ஸ் இதழில் வெளியான லில்லார்ட் குழுவினரின் ஆய்வு, அமெரிக்காவின் மில்வோக்கி நகர மொண்டிசோரிப் பாடசாலைக்கு விண்ணப்பித்து, திருவுளச் சீட்டில் இடம் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டது. பெற்றோரின் ஆர்வமே வேறுபாட்டுக்குக் காரணம் என்ற ஐயத்தை நீக்கும் வழி இதுவே. 112 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். ஐந்து வயதினரில் இடம் பெற்றவர்கள் எழுத்தறிவிலும் கணிதத்திலும் தன்னடக்கத்திலும் முன்னின்றனர். 2012இல் வெளியான அவரது மற்றோர் ஆய்வுதான் எமக்கு நெருக்கமானது. முறையைச் சிதையாமல் பின்பற்றிய வகுப்புகள், வேறு பயிற்சித்தாள்களையும் பொருள்களையும் கலந்த வகுப்புகள், சாதாரண முன்பள்ளி வகுப்புகள் என மூன்றையும் ஒப்பிட்டபோது, முதல் வகையிலேயே வளர்ச்சி அதிகமாகத் தெரிந்தது. இதில் சீட்டுக் குலுக்கல் இல்லை என்பதால் முடிபைச் சற்று நிதானத்தோடு ஏற்க வேண்டும். ஆயினும் பெயர்ப்பலகை மட்டும் பிள்ளைக்கு எதையும் கொடுப்பதில்லை என்பது புலனாகிறது.

எமது நாட்டில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகிறது. அதற்கு முந்திய, மொண்டிசோரி அதிமுக்கியமானதாகக் கண்ட ஆண்டுகள் சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கின்றன. முன்பள்ளி மாகாண சபைகளின் பொறுப்பு. கிழக்கில் அதற்கெனத் தனிப் பணியகமும் உண்டு. ஆயினும் ஆசிரியைகளுக்குக் கிடைப்பது சொற்பக் கொடுப்பனவு. பயிற்சி பெற்றுக் கவனிக்கக் கற்ற ஒருவரை அந்தத் தொகையில் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க முடியும்? விலையுயர்ந்த மரக்கருவிகள் இல்லையே என்று வருந்துவதற்கு முன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். மட்டத்தாள் மலிவானது. மணலும் சிப்பியும் குறிஞ்சாக்கேணிக்குக் குறைவில்லை.

சூழலை முதலிற் சீராக்குதல் அம்மையாரின் அடிப்படை விதி. கதிரையின் உயரம், தட்டின் உயரம், கைகழுவும் தொட்டியின் உயரம் என்று அவர் அளந்து அமைத்தார். குறிஞ்சாக்கேணியிலோ சூழல் பாடசாலை வாயிலுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, புதிய பாலத்தின் நிர்மாணப் பணியால் களப்பைக் கடக்க மக்கள் நம்பியிருந்த இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்பற்ற பயணம் எத்தனை நாள்களாக எல்லோர் கண்முன்னும் நடந்துகொண்டிருந்தது! பார்த்தவர்கள் இருந்தனர்; கவனித்துக் குறித்துச் செயற்பட வேண்டியோர் செயற்படவில்லை.

மொண்டிசோரி 1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை இத்துணைக்கண்டத்தில் பயிற்சிகளை நடத்தினார். 1949 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தின் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில், ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்த உடல்நிலையில் பயணம் இயலாது என்பது மகனின் கருத்து. சிறிது நேரத்தில் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் அவர் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மரண சாசனத்தில் மாரியோவை மகன் என்றே எழுதியிருந்தார்.